ஏலம் மணக்கும் மலைக்கு ஒரு நாள்

பெருமாள் கோயிலில் சடாரி சாதித்து, உள்ளங்கையில் தீர்த்தம் வார்க்கிறார் பட்டாச்சாரியார். துளசி, பச்சைக் கற்பூரம், கிராம்பு, அவற்றோடு ஏலம். ஒரு வாய் நீர்தான்; அதன் மணமோ வீடு திரும்பும் வரை உடன் வருகிறது. வீட்டுச் சமையலறையிலும் அப்படியே. மார்கழியில் சர்க்கரைப் பொங்கல், நவராத்திரியில் பாயசம், பிள்ளைகளுக்குத் தேர்வு நெருங்கினால் ஹயக்ரீவருக்கு ஏலக்காய் மாலை என்று ஆண்டு முழுவதும் அந்தச் சிறு காய் இல்லாமல் நைவேத்தியம் நிறைவதில்லை. ஐம்பது ஆண்டுகளாக அதைத் தட்டிப் போட்டு வரும் பாட்டிமார்களைக் கேட்டால், அவர்களில் பெரும்பாலோர் அந்தச் செடியைக் கண்ணால் கண்டதில்லை என்பார்கள். மிளகைப் போலக் கொடியில் தொங்கும் என்று எண்ணுவோரும், மரத்தில் காய்க்கும் என்று எண்ணுவோரும் உண்டு.

குடும்பத்தார் மலைக்குப் புறப்படும்போது பெரியவர்களை வீட்டிலேயே விட்டுச் செல்வது இக்காலத்தில் வழக்கமாகிவிட்டது. "உங்களுக்கு வளைவு ஒத்துக்கொள்ளாது, குளிர் ஒத்துக்கொள்ளாது" என்று அன்போடுதான் சொல்கிறார்கள். மூன்று நாள் மூணாறு, அதிகாலை ஜீப் சவாரி, மலையேற்றம் என்று திட்டமிட்டால் எழுபதைக் கடந்தவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது என்பதும் உண்மையே. ஆனால் ஒரே நாளில், பாதிப் பயணத்தை ரயிலிலும் மீதியை நிதானமாகக் காரிலுமாக வைத்துக்கொண்டு, தாத்தா பாட்டி முதல் பேரக் குழந்தை வரை சேர்ந்து சென்று வரக்கூடிய மலை ஒன்று மதுரைக்கு மேற்கே இருக்கிறது. அதுவே போடிநாயக்கனூருக்கு மேலே நிற்கும் ஏலமலை.

மதுரை–போடி ரயில் பாதைக்கு ஏறத்தாழ நூறு வயது. 1928-இல் திறக்கப்பட்ட இந்த மீட்டர் கேஜ் பாதை, அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் முடியும் என்று எண்ணியிருந்த பணி பன்னிரண்டு ஆண்டுகளை விழுங்கியது. 2022 மே மாதம் தேனி வரையிலும், 2023 ஜூன் 15 அன்று போடி வரையிலும் வண்டி மீண்டும் ஓடத் தொடங்கியது. அன்றே சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு நேரடி விரைவு வண்டியும் வந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த போடிப் பிள்ளைகளுக்குச் சொந்த ஊர் ரயில் என்பது பெரியவர்கள் சொல்லும் கதையாகவே இருந்தது.

மதுரையிலிருந்து காலையில் புறப்படும் முன்பதிவில்லா வண்டி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் போடியை அடைகிறது. மாலையில் அங்கிருந்து திரும்புகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட முதியோர் கட்டணச் சலுகை திரும்பவில்லை என்ற குறை இருந்தாலும், பேருந்தை விட இதில் செலவு குறைவு, எழுந்து நடமாடலாம், கழிப்பறை உண்டு. நீரிழிவும் மூட்டு வலியும் உள்ளவர்களுக்கு இவை சிறிய வசதிகள் அல்ல. புறப்படுவதற்கு முன் அன்றைய கால அட்டவணையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நலம்.

நகரம் நீங்கியதும் நீண்டு கிடக்கும் நாகமலை கண்ணில் படுகிறது. மதுரையை அழிக்க ஏவப்பட்ட பெருநாகத்தை அனந்தகுண பாண்டியன் அம்பெய்து வீழ்த்த, அது மலையாகச் சமைந்தது என்பது திருவிளையாடற் புராணம். பேரக் குழந்தைகளுக்குக் கதை சொல்ல இதைவிட நல்ல இடம் வாய்க்காது. மலையே சன்னலுக்கு வெளியே படமாக நிற்கிறதே! உசிலம்பட்டிக்கு அப்பால் பாறைகளைக் குடைந்து வெட்டிய ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்ததும் காற்றின் குணம் மாறுகிறது. தேனிக்குப் பிறகு மூன்று பக்கமும் மலைகள் நெருங்கி வந்து நிற்க, ரயில் பாதை முடிந்தே போகிறது. அதற்கு மேல் தண்டவாளம் இல்லை, மலைதான்.

போடி, பாளையக்காரர் ஆட்சியில் வளர்ந்த ஊர். அக்கால அரண்மனையின் சுவர்களில் தீட்டப்பட்ட ராமாயணக் காட்சிகள் கலை ஆய்வாளர்கள் போற்றுபவை. ஊருக்குள் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலும் சுப்பிரமணிய சுவாமி கோயிலும் உள்ளன. நடை சாத்துவதற்கு முன் முதலில் இவற்றைத் தரிசித்துவிட வேண்டும். மலைக்குப் போய்த் திரும்பிய பின் பார்க்கலாம் என்று தள்ளி வைத்தால் நேரம் கிட்டாது. ஊரை ஒட்டிய குன்றின் மேல் பரமசிவன் மலைக்கோயில். பக்தர்கள் இதைத் தென் திருவண்ணாமலை என்றே அழைக்கிறார்கள். சித்திரைத் திருவிழாவிலும் கார்த்திகை தீபத்திலும் போடி மக்கள் அனைவரும் இங்கேதான் இருப்பார்கள். முழங்கால் இடம் கொடாதவர்கள் அடிவாரத்தில் நின்று கும்பிட்டால் போதும். அண்ணாமலையானையும் மலையாகவேதான் வணங்குகிறோம்.

ஊரை விட்டு மேற்கே திரும்பினால் கொட்டக்குடி ஆறு எதிர்ப்படுகிறது. ஆற்றின் குறுக்கே உள்ள தடுப்பணை அருகே அணைப்பிள்ளையார். மழைக்காலத்தில் அணையைத் தாண்டி நீர் விழும் அழகைக் காண உள்ளூர் மக்கள் குடும்பத்தோடு வருவார்கள். மலையேறும் வண்டிக்காரர் பலரும் இங்கே ஒரு கணம் நிதானித்துக் கும்பிட்டே மேலே செல்கிறார்கள். அடுத்தது முந்தல். இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று குரங்கணிக்கு, மற்றொன்று போடிமெட்டுக்கு.

குரங்கணிப் பாதையைப் பார்த்தபடி ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். மூணாறு தேயிலை ஒரு காலத்தில் இந்த வழியாகத்தான் உலகுக்குப் போயிற்று. 1902-இல் மூணாறிலிருந்து மலை உச்சிக்கு ஒற்றைத் தண்டவாள வண்டிப் பாதை ஒன்றை வெள்ளையர் அமைத்தனர். மாடுகள் அதை இழுத்தன. 1908-இல் அது சிறு ரயிலாக மாறியது. ரயில் வந்து நின்ற உச்சி டாப் ஸ்டேஷன். அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கியபடி தேயிலைப் பெட்டிகள் குரங்கணிக்கு இறங்கின. பின்னர் மாட்டு வண்டியில் போடிக்கு வந்தன. 1924 ஜூலையில் பெய்த பெருமழையும் வெள்ளமும் அந்த ரயிலைத் துடைத்தெறிந்தன. மீண்டும் அதைக் கட்டியெழுப்ப யாரும் முன்வரவில்லை. டாப் ஸ்டேஷன் என்ற பெயரைக் கேட்டு, "அங்கே ரயில் உண்டா?" என்று வினவும் பேரனுக்கு, நூறு ஆண்டுகளுக்கு முன் இருந்தது என்று தாத்தா விடை சொல்லலாம்.

இதே குரங்கணி மலையில்தான் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கினர். 23 உயிர்கள் பறிபோயின. பெரும்பாலோர் இளவயதினர். கோடைக் காலத்தில் இந்தப் புல்மலைகள் எவ்வளவு விரைவாகப் பற்றும் என்பதை அன்றுதான் நகரத்தார் அறிந்தனர். குடும்பத்து இளைஞர்கள் அந்தப் பக்கம் நடக்க ஆசைப்பட்டால், வனத்துறையின் அனுமதி இன்றி ஓரடியும் வைக்கலாகாது. இன்றைய பயணத்துக்கு அந்த வழி வேண்டாம். போடிமெட்டுப் பாதையே போதும்.

போடிநாயக்கனூர் கடல் மட்டத்திலிருந்து 1,100 அடிக்குச் சற்று மேலே இருக்கிறது. போடிமெட்டு ஏறத்தாழ 4,500 அடி. இடையில் இருப்பது 26 கிலோமீட்டர் சாலையும் 17 கொண்டை ஊசி வளைவுகளும். வளைவு ஒவ்வொன்றிலும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள். பெரியவர்களோ இன்னும் எத்தனை என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். ஓட்டுநரிடம் முந்தலிலேயே சொல்லிவிட வேண்டும்: அவசரம் இல்லை. காலையில் இட்லி இரண்டோடு நிறுத்திக்கொள்வதும், முன் இருக்கையை வயதில் மூத்தவருக்கு விடுவதும், வாயில் ஓர் ஏலக்காயை அடக்கிக்கொள்வதும் மலைச்சாலைக் குமட்டலுக்கு அனுபவசாலிகள் சொல்லும் பரிகாரங்கள். இரத்த அழுத்த மாத்திரையைப் பெட்டிக்குள் அல்ல, கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். வழியில் கழிப்பறை வசதி அரிது என்பதால் போடியிலேயே அதை முடித்துக்கொள்வது நல்லது.

முட்செடியும் வெம்மையுமாகத் தொடங்கும் மலை, புலியூத்தைக் கடந்தபின் பசுமை கொள்கிறது. இலவமும் மாவும் நின்ற இடத்தில் காப்பியும் மிளகும் வருகின்றன. ஒரு வளைவில் கீழே பார்த்தால் போடி ஊர் முழுவதும் உள்ளங்கை அகலத்தில் தெரிகிறது. அடுத்த வளைவில் அதை மேகம் மறைத்துவிடுகிறது. குறிஞ்சி நிலத்தின் தெய்வம் சேயோன் என்கிறது தொல்காப்பியம். மலையும் மலை சார்ந்த இடமும் முருகனுக்கு உரியவை என்று பள்ளியில் படித்த பாடத்தின் பொருள் இங்கே வந்தால்தான் விளங்குகிறது. நீலக்குறிஞ்சி 2018-இல் இந்த மலைத்தொடரில் பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கின்படி அடுத்தது 2030. அதைக் காணும் ஆயுளை முருகன் அருளட்டும் என்று வேண்டிக்கொள்ளும் பெரியவர்கள் உண்டு. அது நியாயமான வேண்டுதலே.

பதினேழாம் வளைவு முடிந்து போடிமெட்டில் இறங்கினால் முதலில் உணர்வது குளிர். அடுத்து, மணம். இரு மாநிலங்களின் சோதனைச் சாவடிகளும் இங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. சாவடியைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம். ஆயினும் கடைப் பெயர்ப்பலகையிலும் மக்கள் பேச்சிலும் தமிழ் தொடர்கிறது. ஏலச்செடியைக் காண அதிக தூரம் போக வேண்டியதில்லை. பூப்பாறை செல்லும் சாலையின் இரு மருங்கிலும் உயர்ந்த மரங்களின் நிழலில் அது அடர்ந்து நிற்கிறது. தோட்டங்கள் தனியாருடையவை. உள்ளே செல்ல வேண்டுமாயின், அங்கிருக்கும் கணக்குப்பிள்ளையிடமோ காவலரிடமோ ஒரு சொல் கேட்க வேண்டும். முதியவர்கள் கேட்டால் மறுப்பவர் குறைவு.

ஏலச்செடி இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் உறவு. ஆள் உயரத்தைத் தாண்டி நீண்ட இலைகளோடு நிற்கிறது. காயைத் தேடி எல்லாரும் மேலே பார்க்கிறார்கள். காய் மேலே இல்லை. தூரின் அடியிலிருந்து கிளம்பும் மெல்லிய சரங்கள் மண்ணோடு மண்ணாகப் படர்ந்து கிடக்க, அந்தச் சரங்களில்தான் ஊதாக் கோடு ஓடிய வெண்பூக்களும் பச்சைக் காய்களும் இருக்கின்றன. தேனீ வந்து அமராவிட்டால் பூ காயாகாது. பெருமாளின் தீர்த்தத்தில் மணக்கும் பொருள் மண்ணைத் தொட்டுக்கொண்டுதான் விளைகிறது என்பதைக் கண்டதும் பாட்டிமார் பலர் குனிந்து அந்தச் சரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

காய் அடியில் இருப்பதால், அதை எடுப்பவரும் குனிந்தோ குந்தியோதான் எடுக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாம் முற்றுவதில்லை. ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை, மாதம் அல்லது ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பி வந்து, முற்றியதை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். இயந்திரத்தால் ஆகாத வேலை. செய்பவர்கள் பெண்கள். அவர்களில் பெரும்பகுதியினர் போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து விடியலுக்கு முன் ஜீப்பில் ஏறி, இதே வளைவுகளில் மேலே வந்து, மாலையில் இதே வளைவுகளில் கீழே இறங்குபவர்கள். மழை, அட்டைப்பூச்சி, ஈரத் தரை, நாள் முழுவதும் குனிந்த முதுகு. அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஜீப்கள் கவிழ்ந்து உயிர்கள் போன செய்திகளும் அவ்வப்போது நாளிதழில் வருவதுண்டு. நகரத்தார் ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஒரு நாள் பயணத்தை இவர்கள் அன்றாடம் செய்கிறார்கள். அவர்களிலும் அறுபதைத் தொட்ட கைகள் உண்டு.

பறித்த காயைக் கழுவி, வெப்பமூட்டிய அறையில் ஏறத்தாழ ஒரு பகல் ஒரு இரவு உலர்த்துகிறார்கள். ஐந்து கிலோ பச்சைக் காய் ஒரு கிலோ உலர்ந்த காயாகச் சுருங்குகிறது. அடுப்பு சற்று அதிகம் எரிந்தால் நிறம் போய்விடும், விலையும் போய்விடும்.

இங்கே மதிய உணவை முடித்துக்கொண்டு சற்று உலாவலாம். கட்டுச்சோறு கொண்டு வந்திருந்தால் நலம். புளியோதரையும் தயிர்ச்சாதமும் மலைக்காற்றில் தனிச் சுவை பெறும். இலையிலோ எவர்சில்வர் டப்பாவிலோ கொண்டு வர வேண்டும். பிளாஸ்டிக் பை மலைக்கும் ஆகாது, மலையில் மேயும் உயிர்க்கும் ஆகாது. இளைஞர்கள் மூணாறு வரை போகலாமே என்பார்கள். போடிமெட்டிலிருந்து மூணாறு மேலும் 42 கிலோமீட்டர். போகலாம்தான், ஆனால் மாலை ரயில் கிடைக்காது. முதியோர் உடனிருக்கும் ஒரு நாள் பயணத்துக்குப் பூப்பாறையே எல்லை. அதற்கு அப்பால் உள்ள சின்னக்கானல்தான், ரேஷன் கடைச் சுவரை உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பன் யானையின் ஊர். 2023 ஏப்ரலில் கேரள வனத்துறை அதைப் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விட, ஒரு மாதத்தில் அது கம்பம் நகரத் தெருவுக்கே வந்துவிட்டது. பிறகு தமிழக வனத்துறை பிடித்துத் திருநெல்வேலிப் பக்கம் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டது. அதன் காட்டின் நடுவே தோட்டமும் சாலையும் போட்ட பின், யார் எல்லையை யார் மீறினார் என்பதைப் பிள்ளையாரிடம்தான் கேட்க வேண்டும்.

மூன்று, மூன்றரை மணிக்கு இறங்கத் தொடங்கிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் சரிவில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்; பாறை சரிந்து போக்குவரத்து நின்ற நாட்களும் உண்டு. அந்த இரு மாதங்களைத் தவிர்த்து, மார்கழிப் பிற்பகுதியிலும் தை மாதத்திலும் வருவது உத்தமம். அப்போது வானம் தெளிந்திருக்கும், காய் எடுப்பும் நடந்துகொண்டிருக்கும்.

மலையில் விளையும் ஏலத்துக்குப் போடியில்தான் ஏலம். சொல் ஒன்று, பொருள் இரண்டு. வேறெந்த ஊருக்கும் இந்தப் பொருத்தம் எளிதில் அமையாது. நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் மின்னணு ஏலம் இங்கும், மலைக்கு மேல் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடக்கிறது. வியாபாரிகள் தட்டில் வந்த மாதிரியை முகர்ந்து, உருட்டிப் பார்த்து, விசையை அழுத்துகிறார்கள். முதல் நாள் மழைச் செய்தி மறுநாள் விலையில் தெரியும். 2019 ஆகஸ்டில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த உச்சம் நிலைக்கவில்லை. மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா நாடு, இந்தியாவிலிருந்து சென்ற செடியை வளர்த்து, இன்று உலகச் சந்தையில் இந்தியாவோடு மோதுகிறது. 2024 கோடையில் மழை பொய்த்து இந்த மலையில் செடிகள் கருகின. விலை ஏறும்போது காய் இல்லை, காய் இருக்கும்போது விலை இல்லை என்பது சிறு தோட்டக்காரரின் நெடுநாள் கணக்கு.

பக்தர்களுக்கு நேராகத் தொடர்புடைய செய்தி ஒன்றும் உண்டு. 2023 ஜனவரியில், சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிக்கொல்லி எச்சம் வரம்பை மீறியிருப்பதாகச் சோதனை அறிக்கை வர, கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் முடங்கின. மகர விளக்கு நேரத்தில் ஏலக்காய் இல்லாத அரவணையைத் தயாரித்துப் பக்தர்களுக்கு வழங்கினார்கள். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆனால் எழுந்த கேள்வி ரத்தாகவில்லை. ஈரமும் நிழலும் நிறைந்த தோட்டத்தில் பூச்சி அதிகம். மருந்து தெளிப்பதும் அதிகம். காயைக் காக்கத் தெளிக்கும் அதே மருந்து, காயாவதற்கு வேண்டிய தேனீயையும் கொல்கிறது. முகக்கவசம் இன்றித் தெளிக்கும் கூலியாளின் மூச்சுக்குள்ளும் அதுவே போகிறது. நைவேத்தியத்தின் சுத்தம் மடியோடும் ஆசாரத்தோடும் முடிந்துவிடுவதில்லை. அது தோட்டத்திலேயே தொடங்குகிறது. கடையில் வாங்கும்போது, மருந்து தெளிக்காத காய் உண்டா என்று ஒவ்வொரு வீட்டாரும் கேட்கத் தொடங்கினால், அந்தக் கேள்வி மலைமேல் ஏறாமல் இருக்காது.

போடிக் கடைகளில் ஏலக்காய் வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. கண்ணைப் பறிக்கும் பச்சையே உயர்ந்தது என்று எண்ண வேண்டாம். சாயம் ஏற்றுவோரும் உண்டு. ஈரமான வெள்ளைத் துணியில் இரண்டு காயைத் தேய்த்துப் பார்த்தால் துணி சொல்லிவிடும். எட்டு மில்லிமீட்டர் பருமனான காய் விலை மிகுந்தது. பாயசத்துக்கும் பொங்கலுக்கும் அதைவிடச் சிறியதே போதுமானது. உள்ளே விதை கறுத்து, பிசுபிசுப்போடு இருந்தால் சரி. கால் கிலோ வாங்கினால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுப் பூஜைக்கு வரும்.

மாலை ரயிலுக்காக நிலையத்தை நோக்கிக் கார் திரும்பும்போது, மலையிலிருந்து இறங்கிய ஜீப்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊருக்குள் வந்துகொண்டிருக்கின்றன. தெருமுனைகளில் பெண்கள் இறங்குகிறார்கள். கையில் தூக்குச்சட்டி, தலையில் கட்டிய துண்டு, தோளில் மழைக்கு விரித்த பிளாஸ்டிக் தாள். ஒருவர் வாசலில் செருப்பை உதறிவிட்டு, குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டு, விளக்கேற்ற உள்ளே போகிறார். எத்தனை முறை கழுவினாலும் அந்த விரல்களில் ஏல மணம் போவதில்லை என்கிறார்கள்.